கும்பலுக்குப் பேர் உண்டா?

ஐந்து பேர் சேர்ந்தால் ஒரு படை என்பது நமக்குப் புதிதில்லை. பொறுமைசாலி ஒருவன், பலசாலி ஒருவன், குறி தப்பாதவன் ஒருவன், கடைக்குட்டிகள் இரண்டு பேர் என்று வியாசர் எப்போதோ கணக்குப் போட்டுக் கொடுத்துவிட்டார்.

ஜப்பான்காரர்கள் 1972 அக்டோபர் 1-ம் தேதி இதே ஐந்தை எடுத்துக்கொண்டார்கள். தட்சுனோகோ என்ற நிறுவனம் தயாரித்த கார்ட்டூன் தொடர், பேர் 'கச்சாமான்'. மளிகைக்கடைச் சமாசாரம் மாதிரி காதில் விழுந்தால் நான் பொறுப்பல்ல, அங்கே ஏறக்குறைய அப்படித்தான் உச்சரிக்கிறார்கள். ஒரு தலைவன், ஒரு சிடுமூஞ்சி, ஒரு பெண், ஒரு பொடியன், ஒரு குண்டர். ஆளுக்கொரு பறவை உடுப்பு. தலைவனுக்குக் கழுகு, பெண்ணுக்கு அன்னம், குண்டருக்கு ஆந்தை. கலாக்டர் என்கிற தீய கூட்டம் வாராவாரம் ஒரு ராட்சச இயந்திரத்தை அனுப்பும். இவர்கள் போய் அதை நொறுக்கிவிட்டு வருவார்கள். நிலைமை முற்றினால் இவர்களுடைய விமானமே தீப்பற்றிய பறவையாக மாறிப் பாயும். 1974 வரை 105 வாரம் ஓடியது.

நீங்கள் இதைப் பார்த்திருக்காவிட்டாலும் இதன் வாரிசுகளைப் பார்த்திருப்பீர்கள். தமிழ் பேசிக்கொண்டே வந்து இறங்கிய பவர் ரேஞ்சர்ஸ் ஞாபகம் இருக்கிறதா? 2000-களில் உங்கள் வீட்டுப் பிள்ளையும் அதைப் பார்த்துவிட்டு சோபாவிலிருந்து குதித்திருக்கலாம். கலர் கலராக ஐந்து பேர், முகமூடி, கடைசி நிமிஷத்தில் ஒரு பெரிய ஆயுதம். எல்லாம் ஒரே வம்சம்.

இந்த வம்சத்துக்கு ஒரு சட்டம் உண்டு. தாங்கள் யார் என்பதை வெளியே சொல்லக்கூடாது. காப்பாற்றப்பட்டவன் நன்றி சொல்லத் திரும்புவதற்குள் மறைந்துவிட வேண்டும். பாண்டவர்கள் ஒரு வருஷம்தான் விராடன் அரண்மனையில் ஒளிந்திருந்தார்கள். இவர்களுக்கு ஆயுசு முழுக்க அஞ்ஞாதவாசம்.

இப்படிப்பட்ட தொடரைத் திரும்ப எடுப்பது என்றால் என்ன செய்வது? அமெரிக்காவில் 1978-லேயே ஒரு கை பார்த்தார்கள். வேறு பேர் வைத்து, ரத்தத்தையும் சாவையும் வெட்டி எறிந்தார்கள். ஊரே இடிந்து விழும் காட்சியில், 'பயப்படாதீர்கள், ஜனங்களை முன்கூட்டியே அப்புறப்படுத்திவிட்டார்கள்' என்று சமாதானம் சொல்ல ஒரு குட்டி ரோபோவைச் செருகினார்கள். குழந்தைகள் பயப்படக்கூடாதாம். 2013 ஆகஸ்டில் ஜப்பானிலேயே நிஜ நடிகர்களை வைத்து சினிமாவாக எடுத்தார்கள். உடுப்பு பளபளவென்று இருந்தது. வேறு சொல்ல ஒன்றுமில்லை.

மறுபடி எடுப்பதைக் குறையாகச் சொல்லவில்லை. காஞ்சிபுரம் பக்கத்துக் கிராமங்களில் திரௌபதி அம்மன் கோயிலில் கோடைக்குக் கோடை பாரதம் நடக்கும். கதை எல்லாருக்கும் தெரியும். அர்ச்சுனன் தபசு மரம் ஏறுவான் என்று தெரிந்தேதான் விடிய விடியப் பாயைப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். ஆனால் நடுவில் கட்டியக்காரன் வருவான். துரியோதனன் சபையிலேயே நின்றுகொண்டு பால் விலை, பஸ் கட்டணம், போன மாசத்துக் கட்சித் தாவல் எல்லாவற்றையும் இழுப்பான். ராஜாவையே "நீ யாருய்யா?" என்று கேட்பதும் அவன்தான். பழைய கதைக்குள் இன்றைய கேள்வியைக் கொண்டுவருவது அவன் வேலை. கட்டியக்காரன் இல்லாமல் மறுபடி எடுத்தால் அது வெறும் உடுப்பு மாற்றல்.

கச்சாமானுக்கு அந்தக் கட்டியக்காரன் கிடைத்தது 2013 ஜூலையில். 'கச்சாமான் கிரவுட்ஸ்' என்று 12 வாரத் தொடர். இயக்கியவர் கெஞ்சி நகாமுரா. பழைய ரசிகர்கள் அதிர்ந்துபோனார்கள். பறவை உடுப்பு இல்லை, தீப்பறவை இல்லை. கதாநாயகி ஹாஜிமே என்கிற பள்ளிக்கூடப் பெண். நோட்டுப் புத்தகம், பேனா, பென்சில் என்றால் உயிரை விடுகிறவள். யாரைப் பார்த்தாலும் சிரித்துப் பேசுகிற லூசுத்தனமான பெண் என்றுதான் முதல் இரண்டு வாரம் தோன்றும். எதிரி வந்து நின்றால் எல்லாரும் ஆயுதத்தை எடுக்க, இவள் மட்டும் "இவங்ககிட்ட யாராவது பேசிப் பாத்தீங்களா?" என்கிற ஜாதி.

அந்தக் கதையில் இன்னொருவன் வருகிறான், ரூயி. அவனுக்கு ஹீரோக்களைப் பிடிக்காது. ஹீரோ இருக்கிறவரை ஜனங்கள் கையைக் கட்டிக்கொண்டு வேடிக்கைதான் பார்ப்பார்கள் என்பது அவன் கட்சி. அதனால் போனில் ஒரு வலைப்பின்னல் செய்கிறான். எங்காவது விபத்து என்றால் பக்கத்திலிருக்கும் டாக்டருக்கும், முதலுதவி தெரிந்தவருக்கும், கார் வைத்திருப்பவருக்கும் தகவல் போகும். ஆளாளுக்குத் தெரிந்ததைச் செய்ய, முகமூடி போட்ட ஐந்து பேருக்கு வேலையே இல்லை. போதாததற்கு, நூறு பேரைப் பொறுக்கி எடுத்து ஒரு விசேஷ சக்தியும் கொடுக்கிறான். ஆள் ஓரிடத்தில் கிடக்க, அவருடைய நகல் மாதிரி ஓர் உருவம் வெளியே போய்ப் பாறையைப் புரட்டும்.

நாற்பது வருஷமாக 'யார் நம்மைக் காப்பாற்றுவார்?' என்று கேட்டுக்கொண்டிருந்த கதை, முதல் தடவையாக 'நம் கையில் சக்தியைக் கொடுத்தால் நாம் என்ன செய்வோம்?' என்று கேட்டது.

எனக்கு இந்தத் தொடரைக் காட்டியது மானாம்பதியில் இருக்கும் என் தங்கை மகன். உத்திரமேரூர் வட்டம், காஞ்சிபுரம் மாவட்டம். டோக்கியோவில் ஒரு பெண் பென்சில் வாங்குவதை மானாம்பதித் திண்ணையில் உட்கார்ந்து பார்க்கிற காலம் இது. பையன் ரூயி கட்சி. "கரெக்ட்தானே மாமா? ஹீரோ இருந்தா ஜனங்க சோம்பேறி ஆயிடுவாங்க. எல்லார் கையிலயும் பவர் குடுத்துட்டா பிரச்னையே இல்லியே?"

பக்கத்தில் வெற்றிலை மென்றுகொண்டிருந்த அவன் தாத்தா கேட்டார்: "என்னாடா அது, ஈரோ கீரோன்னுக்கினு?"

சொன்னோம். அவர் சிரித்தார்.

"ஏரி ஒடையப் போவுதுன்னா எவன் வந்து காப்பாத்துவான்னு பாத்துக்கினா இருப்போம்? ஊரே மம்முட்டிய எடுத்துக்கினு ஓடும்."

பையனுக்குச் சந்தோஷம். "பாத்தியா மாமா!"

"இருடா. ஓடுறது பெரிசில்ல. போயி எங்க வெட்டறது, எங்க மூட்ட போடறதுன்னு நீர்க்கட்டி சொல்லணும். இருட்டுல தன் நெலத்துக்குப் பயந்து எவனோ ஒருத்தன் கலங்கல ஒடச்சி வுட்டான்னு வச்சிக்க, கீழண்ட ஊரு மொத்தமும் தண்ணில. யாரு செஞ்சான்னு கேட்டா? எல்லாருந்தான் மம்முட்டி வச்சிக்கினு இருந்தாங்க. யாரக் கேப்ப?"

ஜப்பான் தொடரின் இரண்டாம் பாதிக் கதை இதேதான் என்பது அவருக்குத் தெரியாது. பையன்தான் என்னைப் பார்த்து வாயைப் பிளந்தான். அங்கே பெர்க் காட்சே என்ற வில்லன் ராட்சச இயந்திரம் எதையும் அனுப்புவதில்லை. ரூயியிடமிருந்து சக்தியைப் பறித்து, ஏற்கெனவே மனசுக்குள் புகைந்துகொண்டிருந்தவர்கள் கையில் கொடுத்துவிடுகிறான். தச்சிகாவா என்கிற ஊரை அதன் சொந்த ஜனங்களே உடைக்கிறார்கள். பாறையைப் புரட்டிய அதே உருவங்கள் இப்போது கட்டடத்தைப் புரட்டுகின்றன.

நம் ஊருக்கு வருவோம். 2015 டிசம்பர் முதல் வாரம் சென்னை மூழ்கியது. நீங்கள் அங்கே இருந்திருந்தால் மறந்திருக்க மாட்டீர்கள். அந்த ராத்திரிகளில் முகமூடி போட்ட யாரும் வரவில்லை. 'சைதாப்பேட்டையில் மொட்டை மாடியில் ஒரு கர்ப்பிணி', 'முடிச்சூரில் இரண்டு வயதானவர்கள், ஆக்சிஜன் வேண்டும்' என்ற மாதிரிச் செய்திகள் போனுக்குப் போன் தாவின. மீனவர்கள் படகைத் தெருவுக்குள் கொண்டுவந்தார்கள். முன்பின் தெரியாதவர்களுக்கு, 'எங்கள் வீட்டில் பத்துப் பேர் தங்கலாம்' என்று ஜனங்கள் கதவைத் திறந்தார்கள். ரூயி கனவு கண்டது ஏறக்குறைய அப்படியே வேளச்சேரியில் நடந்தது, அதுவும் எந்தத் தனிச் செயலியும் இல்லாமல்.

இரண்டரை வருஷம் கழித்து, 2018 மே. பெரும்பாலும் அதே போன்கள்தான், ஜனங்களும் அதே ஜனங்கள்தான். 'வடநாட்டுப் பிள்ளை பிடிக்கிற கும்பல் இறங்கியிருக்கிறது, ஜாக்கிரதை' என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருந்தது. மானாம்பதியிலிருந்து வந்தவாசி வழியாகப் போனால் போளூர். அந்தப் போளூர் பக்கத்தில், குலதெய்வக் கோயிலைத் தேடி சென்னையிலிருந்து காரில் வந்த ஒரு குடும்பம் வழி கேட்க நின்றது. காரிலிருந்த 65 வயது அம்மாள் அங்கே விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளுக்குச் சாக்லேட் கொடுத்தார். அவ்வளவுதான் அவர் செய்தது. கிராமத்து ஜனங்கள் துரத்திப் பிடித்து அடித்தார்கள். அந்த அம்மாள் இறந்துபோனார்.

அடித்தவர்களைக் கேட்டால் என்ன சொல்லியிருப்பார்கள்? 'எங்க ஊர்ப் பிள்ளைகளைக் காப்பாற்றினோம்' என்றுதான். யோசித்துப் பாருங்கள், யாருமே தன்னை வில்லன் என்று நினைத்துக்கொண்டு கம்பை எடுக்கவில்லை. இந்த இடத்தில் எனக்குப் பயமாக இருக்கிறது. 2015-ல் தண்ணீரில் இறங்கியவனும் 2018-ல் கம்பை எடுத்தவனும் மனசுக்குள் ஒரே வார்த்தையைத்தான் சொல்லிக்கொண்டான்: காப்பாற்றுகிறேன்.

'படிப்பறிவு இல்லாத கிராமத்து ஜனங்க சார்' என்று ஒதுக்கிவிட ஆசையாக இருக்கும். வேண்டாம். அந்தச் செய்தியைத் தட்டி அனுப்பியவர்களில் பட்டணத்துக் குடியிருப்புகளின் குழுக்களும் உண்டு. எதற்கும் இருக்கட்டும் என்று நாலு பேருக்கு அனுப்பியவர்களில் நீங்களோ நானோ இருந்திருக்க வாய்ப்பு அதிகம்.

அப்படியானால் வித்தியாசம் எங்கே இருக்கிறது? நல்ல கும்பல், கெட்ட கும்பல் என்று இரண்டு ரகமா? அப்படிப் பிரித்துச் சொன்னால் நமக்குச் சௌகரியம், ஆனால் பொய். ரொம்ப நாள் இதை யோசித்து எனக்குத் தட்டுப்பட்டது ஒரு சின்ன விஷயம். வெள்ளத்தின்போது பரவிய செய்திகளில் ஒரு போன் நம்பர் இருந்தது. 'படகு வேண்டுமா, இந்த நம்பருக்குக் கூப்பிடுங்கள்', 'சாப்பாடு பொட்டலம் இருநூறு இருக்கிறது, நான் இன்னார்.' தப்பான தகவல்களும் வந்தன, வராமலில்லை. ஆனால் அந்த நம்பருக்குப் போட்டுத் திட்டலாம். 'அவங்களை நேத்தே கூட்டிட்டுப் போயிட்டாங்க' என்று பதில் வரும், செய்தி அதோடு நிற்கும். பிள்ளை பிடிக்கிறவன் செய்தியில் பேரும் இல்லை, நம்பரும் இல்லை. யார் எழுதியது, எந்த ஊரில் நடந்தது, எந்தப் பிள்ளை காணாமல் போனது? திருப்பிக் கேட்க ஆளில்லை. கேட்க ஆளில்லாத சக்தி, கதையில் பெர்க் காட்சேயிடம் போய்ச் சேர்ந்தது மாதிரி, எவன் கைக்கு வேண்டுமானாலும் போகும். 2018 ஜூலையில் வாட்ஸ்அப் நிறுவனமே ஒரு செய்தியை ஐந்து இடத்துக்குமேல் ஒரே சமயத்தில் அனுப்ப முடியாது என்று இந்தியாவில் பூட்டுப் போட்டது. மறுபடியும் ஐந்து! வேகத்தைக் குறைக்க அது உதவலாம். பேரில்லாத செய்திக்குப் பேர் வைக்க அதனால் முடியாது.

ஹாஜிமேக்கு இது புரிந்திருக்கிறது. பழைய சட்டத்தை உடைத்து, 'நான்தான் கச்சாமான்' என்று ஊரறியச் சொல்லிவிடுகிறாள். கூட இருப்பவர்கள் தலையில் கை வைக்கிறார்கள். 1972-ல் முகமூடி என்பது தன்னடக்கம்: புகழ் வேண்டாம், வேலை நடந்தால் போதும். 2013-ல் முகமூடி வேறு பொருளாகிவிட்டது. ஊரில் பாதிப்பேர் பொய்ப் பேரில் பேசிக்கொண்டிருக்கும்போது, நல்லது செய்கிறவன் முகத்தைக் காட்டத்தான் வேண்டியிருக்கிறது. மறுபடி எடுத்ததன் நியாயம் எனக்கு இந்த ஒரு காட்சியில் கிடைத்துவிட்டது.

வில்லனைக் கடைசியில் என்ன செய்தாள் தெரியுமா? கொல்லவில்லை. அவன் அவளுடைய நெஞ்சுக்குள் இருக்கிறான். 2015-ல் வந்த அடுத்த பாகத்தில் அவளுக்குள் இருந்துகொண்டு நக்கலடித்துக்கொண்டே இருப்பான். ஜப்பானிய ரசிகர்கள் குழம்பியிருக்கலாம், நமக்கு என்ன குழப்பம்? சூரனை மயிலாகவும் சேவலாகவும் ஆக்கி, ஒன்றின்மேல் ஏறிக்கொண்டு ஒன்றைக் கொடியில் வைத்துக்கொண்ட சாமியைக் கும்பிடுகிற ஊர் இது. விஷத்தைத் துப்பாமலும் விழுங்காமலும் கழுத்தில் நிறுத்திக்கொண்டவர் அவருடைய அப்பா.

அந்த அடுத்த பாகம் இன்னும் கொஞ்சம் மேலே போகிறது. ஊரே ஒரே மனசாக இருந்தால் சண்டை வராது என்று நம்பும் ஒரு வேற்றுக்கிரகவாசி பிரதமராகவே ஆகிவிடுகிறான். எல்லாவற்றுக்கும் போனில் ஓட்டு. ஒரே சிரிப்பு முகமாக மிதந்து வரும் பிராணிகள், மற்றவர்களோடு ஒத்துப்போகாத ஆளை லபக்கென்று விழுங்குகின்றன. போளூர் பக்கத்து அந்தத் தெருவிலும், 'இருங்கப்பா, விசாரிப்போம்' என்று சொல்ல நினைத்து வாயை மூடிக்கொண்டவர் ஒருத்தராவது இருந்திருப்பார். இருந்திருக்கத்தான் வேண்டும்.

மானாம்பதிக்குப் பக்கத்தில் உத்திரமேரூரில் வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் முதலாம் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டு இருக்கிறது. கி.பி. 919, 921. குடவோலை என்றதும் 'அந்தக் காலத்திலேயே நம்மிடம் ஜனநாயகம்' என்று மார்தட்டி நிறுத்திவிடுவோம். முழுக்கப் படித்தால் மார்தட்டுவது கொஞ்சம் கூச்சமாகத்தான் இருக்கும். அது பிராமணர் ஊர்ச் சபை. கால் வேலிக்கு மேல் வரி கட்டும் நிலமும், சொந்த மனையில் வீடும், வேதப் படிப்பும் வேண்டும். பெண்கள் பேச்சே இல்லை. ஏரி வெட்டியவனுக்கு ஓலையில்லை.

ஆனாலும் அதை எழுதியவர்களுக்கு மனுஷனைப் பற்றித் தெரிந்திருக்கிறது. ஊரை 30 குடும்பாகப் பிரித்து, தகுதியுள்ளவர் பேரை ஓலையில் எழுதிக் குடத்தில் போட வேண்டும். குடத்தை எல்லாரும் பார்க்கும்படி தூக்கிக் காட்ட வேண்டும். உள்ளே இருப்பது இன்னதென்று அறியாத ஒரு சிறுவன் கையை விட்டு எடுக்க வேண்டும். அவன் கொடுப்பதை வாங்குகிறவர் ஐந்து விரலையும் அகல விரித்து உள்ளங்கையில் ஏந்த வேண்டுமாம், மறைத்து வைத்த ஓலையை மாற்றிவிடக் கூடாதே! பிறகு எல்லார் காதிலும் விழும்படி பேரை வாசிக்க வேண்டும். வருகிற 30 பேரில் 12 பேர் ஆண்டு வாரியம், 12 பேர் தோட்ட வாரியம், 6 பேர் ஏரி வாரியம். 360 நாள் வேலை. கடந்த மூன்று வருஷத்துக்குள் பதவியில் இருந்தவன் பேரைச் சேர்க்கக் கூடாது.

எனக்குப் பிடித்த விதி வேறொன்று. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாமல் போனவன் பேரைக் குடத்தில் போடக்கூடாது. அவனை மட்டுமில்லை, சித்தி பெரியம்மா பிள்ளைகள், அத்தை மகன், மாமன் மகன், மாமனார், மருமகன் என்று சொந்தபந்தம் மொத்தத்துக்கும் தடை. இது அநியாயம் என்று இன்றைக்கு எந்தக் கோர்ட்டும் சொல்லும். நானும் சொல்வேன். ஆனால் வீட்டுக்கு வீடு கணக்குக் கேட்டிருப்பார்கள் இல்லையா? 'என்னப்பா, ஏரிக் கணக்கைக் குடுத்துட்டியா? உன்னால என் மகன் பேர் போயிடும்' என்று மாமனாரே சட்டையைப் பிடித்திருப்பார்.

வீரர்களைத் தேடவில்லை அவர்கள். யார் பேர் வேண்டுமானாலும் வரட்டும் என்று சிறுவன் கையில் விட்டுவிட்டார்கள். வந்த பேரை மட்டும் விடவில்லை.

இதைப் பையனுக்குச் சொன்னேன். அவன் தன் போனைக் காட்டினான். மழைக் காலத்துக்கு என்று ஊரில் ஒரு வாட்ஸ்அப் குழு வைத்திருக்கிறார்களாம். தாத்தா உள்பட எல்லாரும் இருக்கிறார்கள். தாத்தாவுக்குத் தட்டச்சு வராது, குரல் செய்திதான். ஒன்றிரண்டைப் போட்டுக் காட்டினான். நடு ராத்திரி, பின்னால் மழைச் சத்தம். ஒவ்வொன்றும் ஒரே மாதிரி ஆரம்பித்தது: "நான் மளிகைக்கடைக்காரர் மவன் பேசறேன், கலங்கல்ல நிக்கறேன்…" "நான் கீழத்தெரு டீச்சர் வூட்டுக்காரர் பேசறேன்…"